உங்கள் பக்கத்துத் தரை

இன்று காலை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்ததும், ஷிஃப்ட் முடிந்து வரும்போது உங்கள் சட்டையில் அடிக்குமே, அந்த வாடை அடித்தது. குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கறுத்துப்போன தண்ணீரின் இரும்பு வாடை. பாய்லரின் பிரஷர் முள் ஒன்றரை கிலோவில் நேராக நின்றது. மூன்று நாளாக அது அசையவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கோ உடம்பு சிலிர்த்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பாய்லர் செய்து அனுப்பிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காமல் நம் வீட்டுக்கே ஒன்று செய்தீர்கள். முடக்குவாதம் வந்த என் கால், மார்கழிக் காலையில் தரையில் பட்டால் உயிர் போகும். அதற்காகத் தரை முழுவதையும் கொத்தி, கல்லுக்குக் கீழே குழாய் ஓட்டி, வெந்நீர் சுற்றும்படி வைத்தீர்கள். கூடத்துக்கு ஒரு சுற்று, என் கட்டிலோரம் ஒரு சுற்று, முதுகு வலிக்காக நீங்கள் பாய் விரித்துப் படுக்கும் இடத்துக்கு ஒரு சுற்று. எதிர் வீட்டு சரோஜா அக்கா சிரித்துச் சிரித்து மாய்ந்துபோனாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் அல்லவா, பேச்சில் பாதி உருது. “இந்த ஊர்ல கைக்குங்க, எதுக்குங்க தரைக்கு அடுப்பு? நக்கோ சார், வேணாம், ஒரு ஏசி வாங்குங்க!”

“என் பொண்டாட்டி கால் தரையில படணுமே அக்கா,” என்றீர்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தொழிற்சாலைப் பழக்கம் ஒன்றை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தீர்கள். ரிப்பேருக்காக ஒரு வால்வை மூடினால் பெயரும் தேதியும் எழுதி அதில் ஒரு சீட்டைக் கட்ட வேண்டும். “கட்டினவன்தான் திறக்கணும். மேனேஜரே வந்தாலும் கை வைக்கக் கூடாது,” என்பீர்கள். ஒருமுறை என் மிக்ஸியில்கூடச் சீட்டுக் கட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டீர்கள். அன்று சட்னி இல்லாமல் இட்லி தின்றதும் நீங்கள்தான்.

போன தை மாதம், நெஞ்சில் சளி கட்டி, பத்தே நாளில் போய்ச் சேர்ந்தீர்கள். பாய்லரை அணைத்து அலமாரியைப் பூட்டி, சாவியை என் தாலிச் சரடு கிடந்த டப்பாவில் போட்டேன். அப்புறம் இந்த மார்கழியில்தான் திறந்தேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. முதல் நாள் இரவு ஒன்றரையில் நின்ற முள், விடிந்தால் அரைக் கிலோவில் கிடந்தது. பிரஷர் இறங்கினால் பாய்லர் தானாக நின்றுவிடும். உங்கள் கைப்பம்பை எடுத்து, வீங்கிய விரல்களோடு இருபது முறை அடித்து ஏற்றுவேன். மறுநாள் மறுபடியும் அரைக் கிலோ. வீட்டில் ஒரு இடத்திலும் ஈரம் இல்லை. “தண்ணி ஊத்தறது வேலை இல்ல. அது எங்க போகுதுன்னு பாக்கறதுதான் வேலை,” என்று நீங்கள் ஜூனியர்களைத் திட்டுவது காதில் கேட்டது. எனக்குப் பார்க்கத் தெம்பில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. விடிகாலை ஐந்து மணிக்கு நீங்கள் படுக்கும் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு கேட்கும். முள் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, மீட்டர் கண்ணாடியை நகத்தால் தட்டுவீர்களே, அதே இரண்டு தட்டு. சூடேறினால் குழாய் சத்தம் போடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அந்த நேரத்தில் பாய்லர் அணைந்து, குழாயெல்லாம் ஆறிக் கிடந்தது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

வித்யா வந்து பார்த்து ஒரே பிடியாய் நின்றாள். “அம்மா, இட்ஸ் நாட் சேஃப். இந்த வாரம் சரியாகலன்னா மொத்தமா ஆஃப் பண்ணிட்டு என் ஃபிளாட்டுக்கு வந்துடணும்.” நம் பெண்தான், பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனால் இந்தத் தரையை விட்டால் உங்களிடமிருந்து எனக்கென்று வேறு எது இருக்கிறது? அதனால் யாதகிரியைக் கூப்பிட்டேன். உங்களிடம் பதினைந்து வருஷம் ஃபிட்டராக இருந்து தமிழைக் காதால் பிடித்த தெலுங்குக்காரன்.

அலமாரிக்குள் தலையை விட்டவன், காற்றுப் பிடித்த குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீரைச் சட்டியில் இறக்கினான். பிறகு சுவரோரம் இருந்த மூன்றாவது வால்வைக் காட்டினான். “அம்மா, இதுல சாரு சீட்டு உந்தி. தமிழ்ல இருக்கு, நாக்கு சதவ ராது, படிக்க வராது.”

டார்ச் அடித்துப் படித்தேன். உங்கள் குண்டு எழுத்து. ‘என் பக்கம். கல்லுக்குக் கீழே லீக். மூடியிருக்கிறது. திறக்காதே.’ தேதி ஆறு வருஷத்துக்கு முந்தியது.

ஆறு மார்கழி, ஆறு தை. தரையை உடைத்தால் எல்லாத் தண்ணீரையும் இறக்க வேண்டும், நான் ஒரு மாதம் குளிரில் கிடக்க வேண்டும் என்று உங்கள் சுற்றை மட்டும் மூடிவிட்டு, சில்லிட்ட கல்லில் பாய் போட்டுப் படுத்திருக்கிறீர்கள். கடைசித் தையில், இருமல் கேட்டுக் கட்டிலிலிருந்து கேட்டேனே, “கீழ சில்லுன்னு இருக்குங்களா?” என்று. “இங்கதான் ஜாஸ்தி சூடு. வேர்க்குது, தூங்கு,” என்றீர்கள். வாய் கூசாமல் சொன்னீர்கள்.

யாதகிரி வால்வைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். “ஆனா அம்மா, இது மூடல. ஃபுல்லா திறந்து உந்தி.”

சீட்டின் முடிச்சு அவிழவில்லை. சாவி என்னிடம். திறந்தது நானா? முதல் நாள் பாய்லரைப் போடும்போது கண்ணீரில் எதைத் திருப்பினேன் என்று சத்தியமாக நினைவில்லை. ஆனால் அந்தச் சக்கரத்தை அசைக்க இந்த விரல்களுக்கு அன்றைக்கு வலு ஏது? மூடச் சொன்னால் யாதகிரி கையெடுத்துக் கும்பிட்டான். “சாரு கட்டினது. நான் முட்ட மாட்டேன், கை வைக்க மாட்டேன்.” கடைசியில் நானே இரண்டு கையாலும், துணி சுற்றி, அழுதுகொண்டே மூடினேன்.

அன்றிலிருந்து முள் இறங்கவில்லை. வித்யாவும் ஒத்துக்கொண்டாள், நான் இங்கேயே இருக்கலாமாம். அப்போதுதான் சொன்னேன், அப்பா பக்கத்துத் தரையை உடைத்து லீக்கை அடைக்கப் போகிறேன் என்று. “அப்பாவே இல்லையேம்மா. யாருக்கு?” என்றாள். யாதகிரியை உளியோடு வரச் சொன்னேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன் என்றேன் அல்லவா? நேராக இங்கே வரவில்லை. ஒரு வருஷமாக மிதிக்காத உங்கள் பக்கத்துக்குப் போனேன். வெறுங்காலை வைத்தேன். பனிக்கட்டி. முட்டி வரை குத்தியது. நீங்கள் பட்டதை ஒரு தடவையாவது படவேண்டும் என்று, சுவரைப் பிடித்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி, நீங்கள் படுக்கும் இடத்தில் மல்லாந்து படுத்தேன்.

அங்கே சூடாக இருந்தது. மூன்று நாளாகத் தண்ணீர் ஓடாத கல்லில், ஒரு ஆள் நீளத்துக்கு, ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும். கையை நீட்டிப் பார்த்தேன், அதைத் தாண்டி எல்லாம் பனிக்கட்டி. எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றியது. என் முட்டிக்கு அது முடியாத காரியம். அதனால் கிடந்தேன், பயம் தெளியும் வரைக்கும். உங்களைச் சத்தம் போட்டே திட்டினேன், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று.

யாதகிரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுந்து இவ்வளவு நேரம் ஆகியும் முதுகிலிருந்து அந்தச் சூடு போகவில்லை. கோபமும் போகவில்லை.