ஆய்வு நாளில் நாங்கள் காட்டிய வீடு எங்களுடையதல்ல

அனுப்புநர்:
மோகனா த/பெ சுப்பையா (வயது 59),
நிரந்தர முகவரி இல்லை,
சூலியா தெருவில் பூட்டிக் கிடக்கும் தையல் கடையின் முன்புறம், அஞ்சடி நடைபாதை,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
வாடகை வீடுகள் பிரிவு,
வீடமைப்பு அலுவலகம், ஜார்ஜ்டவுன்.

பொருள்: காலஞ்சென்ற என் கணவர் பரமநாதன் பெயரில் உள்ள வாடகை வீட்டு விண்ணப்பத்தில் நாங்களே கொடுத்த பொய்த் தகவலை நீக்கி, அதை என் பெயருக்கு மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இது புகார் மனு. ஆனால் உங்கள் அலுவலகத்தின் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. புகார் என் மீதும் என் கணவர் மீதும்தான். அவர் இப்போது இல்லாததால் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் எழுதுகிறேன்.

1. நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு வரை படித்தவள். மலாய் பேசுவேன், எழுத வராது. உங்கள் முகப்பில் இருக்கும் அனுஜா என்பவர், "தமிழ்லயே எழுதிக் குடுங்கக்கா, நான் மலாய்ல மாத்தி மேல அனுப்புறேன் லா" என்று சொன்னார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. என் கணவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிராணி வேலை பார்த்தவர்கள். என்னைக் கட்டியதில் அந்தக் குடும்பத்துக்குச் சம்மதமில்லை. தோட்டத்துப் பெண்ணைக் கட்டினால் தெருவுக்குத்தான் வருவாய் என்று அவர் அக்கா கல்யாணத்தன்றே சொன்னார். ஏஜென்சி மூடிய பிறகு, நாங்கள் பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்த மாடி அறையை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். இப்போது அங்கே வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டல் நடக்கிறது. என் கணவர் காவல் வேலைக்குப் போனார். சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்து அதுவும் நின்றது. 2023 நவம்பரிலிருந்து நாங்கள் அஞ்சடியில்தான் படுத்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் சாப்பாட்டுக் கடையில் தட்டு, மங்கு கழுவுகிறேன்.

3. அந்த டிசம்பரில் உங்கள் அலுவலகத்தில் விண்ணப்பப் பாரம் நிரப்பினோம். முகவரி என்ற இடத்தில் பாயான் பாருவில் இருக்கும் என் கொழுந்தனார் கபிலன் வீட்டு முகவரியை அவர் எழுதினார். கடிதம் வருவதற்கு ஒரு முகவரி வேண்டும் என்றுதான் முதலில் எழுதினோம். பக்கத்திலேயே "அங்கு வசிக்கிறீர்களா" என்று ஒரு கேள்வி இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, ஆம் என்று கோடு போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

4. மறு வருடம் வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க அரசாங்க உடுப்புப் போட்ட ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். என் கணவர் எப்போதும் சட்டையை மடிப்புக் கலையாமல் வைத்திருப்பார். நானும் தலையில் பூ வைத்திருந்தேன். கோயிலுக்கு வந்தோம், பஸ்ஸுக்கு நிற்கிறோம் என்று சொன்னோம். அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். எங்களை எண்ணவில்லை. எங்களுக்கு மூன்று தூண் தள்ளிப் படுத்திருந்த சிக்கந்தர் என்பவர் உள்ளதைச் சொன்னார். எட்டு மாதத்தில் அவருக்கு ஒற்றை அறை வீடு கிடைத்தது. போகிற அன்று என்னிடம், "அக்கா, வாயைத் திறந்து சொல்லுங்க. உங்க வெக்கம் வந்து வாடகை கட்டுமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவரோடு நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

5. உங்கள் அலுவலகத்திலிருந்து புவான் நஸீஹா என்ற பெண் அதிகாரி வீட்டு ஆய்வுக்கு 16.10.2024 அன்று வருவதாகக் கபிலன் வீட்டுக்குக் கடிதம் வந்தது. ஐயா, பெண் பார்க்க வந்தாலும் சரி, மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் சரி, வீட்டைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்றால் குறையை மறைத்து நல்லதை எடுத்து வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. அதையே அன்றும் செய்தோம். அதிகாலையில் பஸ் ஏறிப் போனோம். கபிலனின் மனைவி சுதர்ஷினி, பிள்ளைகள் படிக்கும் பின்னறையைக் காலி செய்து கொடுத்தார். என் கணவரின் சட்டைகளை ஆணியில் மாட்டினேன். என் இரண்டு சேலையையும் அலமாரியில் வைத்தேன். காலண்டரைக் கழற்றிவிட்டு எங்கள் கல்யாணப் படத்தை மாட்டினோம். முறுக்கும் தேநீரும் வைத்தோம். புவான் நஸீஹா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

6. அவரை லிஃப்ட் வரைக்கும் வழியனுப்பப் போன என் கணவர், "எங்களுக்கு அவசரம் இல்ல புவான். ரொம்பக் கஷ்டப்படுறவங்களுக்கு முதல்ல குடுங்க" என்று மலாயில் சொன்னார். அவர் அப்படித்தான் பேசுவார். திரும்பும் பஸ்ஸில், "அந்தப் பொண்ணு என்னைச் சார் சார்னு கூப்பிட்டுச்சு பாத்தியா" என்று சிரித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன். அன்று பொழுது சாய்ந்ததும் தையல் கடை வாசலில் படுக்க அட்டையை விரித்தோம்.

7. குடும்பத்தாருடன் பாதுகாப்பான இருப்பிடம் உள்ளது, அவசரத் தேவை இல்லை, விண்ணப்பம் காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்படுகிறது என்று பின்னர் கடிதம் வந்தது. அந்த அம்மாள் தப்பாக எழுதவில்லை. நாங்கள் காட்டியதை எழுதினார். அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

8. இந்த வருடம் மே மாத மழையில் என் கணவருக்குச் சளி கட்டி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கேயும் முகவரி கேட்டபோது பாயான் பாரு என்று சொன்னார். நாலாம் நாள் டாக்டர், பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம், ஈரம் படாத இடத்தில் நல்ல படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீடு இல்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சரி டாக்டர் என்று தலையாட்டினேன். அழைத்துக்கொண்டு போய் அஞ்சடியில் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள், 16.5.2025 காலையில், கடைகள் திறக்கும் நேரத்தில் அவர் இறந்துபோனார்.

9. உடலை வைக்க வீடு கேட்டேன். கபிலன், "அண்ணி, இது வாடகை வீடு. வீட்டுக்காரன் சாவு வீடாக்க விடமாட்டான், என்னை மன்னிச்சிருங்க" என்று அழுதார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து நேரே பத்து லஞ்சாங் என்னும் இடத்துச் சுடலைக்குக் கொண்டுபோனோம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு செய்யவில்லை. அஞ்சடியில் அவர் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றினால் காற்றில் அணைகிறது. பக்கத்துக் கடைக்காரரும் நெருப்பு வைக்காதே என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். வருகிற ஞாயிறு அந்தியேட்டிச் சடங்கு. முப்பத்தொன்றாம் நாள். என் கணவரின் அக்காவிடம் இன்னும் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

10. ஆகவே ஐயா, நான் கேட்பது இவை:

(அ) 16.10.2024 ஆய்வு அறிக்கையை நீக்கிவிடுங்கள். அந்த அறையில் நாங்கள் ஒரு நாளும் தூங்கியதில்லை.

(ஆ) அவர் காத்திருந்த காலத்தைக் கணக்கில் எடுத்து விண்ணப்பத்தை என் பெயருக்கு மாற்றித் தாருங்கள். தனி ஆளுக்குக் கிடைப்பது கடினம் என்று முகப்பில் சொன்னார்கள். எவ்வளவு சின்ன அறையாக இருந்தாலும் போதும். என் சம்பளத்தில் வாடகை கட்டுவேன்.

(இ) பொய்த் தகவல் கொடுத்ததற்குத் தண்டனை உண்டு என்று பாரத்தின் அடியில் போட்டிருக்கிறதாம், அனுஜா படித்துக் காட்டினார். தண்டனை எனக்கு மட்டும் இருக்கட்டும். கபிலனும் சுதர்ஷினியும் அறை கொடுத்தது எங்கள் முகத்துக்காக.

(ஈ) இது என் விஷயம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு குடும்பம் கோயிலுக்கு வந்தோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நகரத்தில் ஒருவரும் தெருவில் படுக்கக் கூடாது என்று நீங்கள் பாடுபடுவது எங்களுக்குத் தெரிகிறது. ஆனால் உடுப்புப் போட்டு நாலு பேராக வந்து, போகிறவர் வருகிறவர் முன்னால் கேட்டால் எங்களால் சொல்ல முடியவில்லை. வீடில்லாதவர்களுக்கான தங்குமிடத்துக்கு வந்தால் புருஷனையும் பெண்சாதியையும் பிரித்து வைப்பீர்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அது பொய் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். ஒரு பெண் அதிகாரி தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

11. புதிய பாரத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். தற்போதைய இருப்பிடம் என்ற இடத்தில் வீடு இல்லை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மறு ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் தையல் கடை வாசலுக்கு அனுப்புங்கள். காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் அங்கே இருப்பேன். எந்த நாள் என்று மட்டும் எனக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தால் நான் அட்டையை எடுத்து ஒளித்துவிட்டு, இடத்தைக் கூட்டிப் பெருக்கி, பூ வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

தங்கள் முடிவுக்குக் கட்டுப்பட்டவள்,

மோகனா த/பெ சுப்பையா
(காலஞ்சென்ற பரமநாதனின் மனைவி)

இடம்: ஜார்ஜ்டவுன்
நாள்: 11.6.2025

இணைப்பு: புதிய விண்ணப்பப் பாரம், கணவரின் இறப்புச் சான்றிதழ் நகல், என் அடையாளக் கார்டு நகல் (கார்டில் இருப்பது பாயான் பாரு முகவரி, அதையும் மாற்ற வேண்டும்).