சொல்லாமல் செய்த ஒறுத்தல்

24 பிப்ரவரி 2025, திங்கள்

ஜோன்ஸுக்கு ரத்தப் பரிசோதனை. அரை நாள் லீவு கேட்டதற்குத் துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்சி மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும். வெள்ளை அணுக்கள் சரியாக இருக்கின்றனவாம். இந்தக் குளோசாபின் மாத்திரை புத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரத்தத்தில் கை வைக்கப் பார்க்கும், அதற்குத்தான் மாதாமாதம் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது. இதற்கு முன் கொடுத்த எந்த மருந்தும் கேட்கவில்லை. கப்பல் வேலைக்குப் போன இடத்தில் புத்தி பேதலித்து, கையைக் கட்டி இறக்கிக் கொண்டுவந்த என் தம்பி, இப்போது தருவைகுளம் ஏலக்கூடத்தில் மீன் எடை போடுகிறான். குரல்கள் கேட்கிறதா என்றேன். "தூரத்துல கேக்குக்கா. நான் காது குடுக்க மாட்டேன்" என்றான். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

அம்மாவுக்குப் போதாது. மூளையில் டோபமின் தாறுமாறானதை டாக்டர் படம் வரைந்து காட்டினார். பார்த்துவிட்டு, "அலகைக்குப் படம் போடுதாரு" என்றாள். அவளுக்கு இது நோயில்லை, பேய்.

6 மார்ச்

நேற்று சாம்பல் புதன். மூவரும் கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசி வந்தோம். தவக்காலத்துக்கு ஆளுக்கொரு ஒறுத்தல் எடுப்பார்கள், சிலர் கறியை விடுவார்கள், சிலர் டீயை. நான் எதையும் விடவில்லை. விடுவதற்கு என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

19 மார்ச்

ஜோன்ஸ் தூங்கி வழிகிறான். தலையணை முழுக்க எச்சில். ஏலக்கூடத்தில் தராசு மேலேயே சாய்ந்துவிட்டானாம். கூடுதலாகப் போட்டுவிட்டானோ என்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரிதான். "ஏளா விஜிலா, அவன் மனசு அடங்குது. விடு" என்கிறாள் அம்மா.

28 மார்ச்

வலிப்பு. குசினியில் அடுப்புப் பக்கம் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. வாயெல்லாம் ரத்தம். அம்மா அவன் கையில் சாவியைத் திணிக்கிறாள், நான் ஆட்டோவுக்கு ஓடுகிறேன்.

டாக்டர் கேட்டார்: "சமீபத்துல ஏதாவது மாத்தினீங்களா? வேற மருந்து, சாப்பாடு, பழக்கம்?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அம்மா. ஜோன்ஸ் தரையைப் பார்த்தபடி இருந்தான். நானும் இல்லை என்றுதான் தலையாட்டினேன். மருந்தைப் பாதியாகக் குறைத்தார்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

கறிக்குழம்பு. ஜோன்ஸ் தெளிந்துவிட்டான், சிரிக்கிறான். மதியம் கடற்கரைக்குப் போனவன் இருட்டியபிறகுதான் வந்தான். நல்ல நாள். எழுதவே பயமாக இருக்கிறது.

2 மே

அவன் தூங்குவதில்லை.

5 மே

ஏலக்கூடத்தில் ஒரு வியாபாரியின் சட்டையைப் பிடித்துவிட்டான். "இவருதான் என் தலைக்குள்ள இருந்து பேசுதாரு" என்றானாம். வேலை போயிற்று. மறுபடியும் முதலிலிருந்தா? மறுபடியுமா?

8 மே

சீனி வாங்கப் போன இடத்தில் கடைக்கார வெள்ளத்துரை அண்ணாச்சி கேட்டார். "தம்பிக்குத் திரும்ப சரியில்லையாமே தாயி? தவசு காலம் பூரா ஒரு சிகரெட் வாங்கலயே, திருந்திட்டான்னு நெனச்சேன். ஈஸ்டர்ல இருந்து பழையபடி தெனம் ரெண்டு பாக்கெட்டு."

வீட்டுக்குள் புகைக்க நான் விடுவதில்லை. அதனால் நிறுத்தியதும் தெரியவில்லை, தொடங்கியதும் தெரியவில்லை. கடை வாசலிலேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டேன்.

"புகை கல்லீரலை வேகமா வேலை செய்ய வைக்கும்மா. மருந்து சீக்கிரம் அழிஞ்சிரும். அதுக்குத் தகுந்த அளவுதான் குடுத்திருந்தோம். திடீர்னு நிறுத்தினதும் அதே மாத்திரை ரத்தத்துல ரெட்டிப்பா ஏறிருக்கு, அதான் வலிப்பு. நான் பாதியாக்கினேன். அவர் திரும்பப் பிடிக்க ஆரம்பிச்சிட்டார். இப்ப மருந்து எங்க நிக்கும்? சிகரெட்டை விடுறது நல்லதுதான். எங்கிட்ட சொல்லிட்டு விடணும்."

அம்மாவிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன்.

"நாந்தாளா விடச் சொன்னேன். அவன் சொகத்துக்குத்தான் ஒறுத்தல்."

"டாக்டர் கேட்டாருல்லா? ஏன் சொல்லல?"

"வெளிய சொன்னா பலன் போயிரும்லா. சாமியார் பிரசங்கத்துல அதத்தான சொன்னாரு, நீயும் அங்கனதான இருந்த?"

இருந்தேன். ஒறுத்தலுக்கு ரகசியம் வேண்டும், சரி. வாயில் ரத்தத்தோடு கிடந்த பிள்ளை முன்னாலும் ரகசியமா? எத்தனை வருஷம் அலைந்து மீட்டுக் கொண்டுவந்தேன் அவனை! இவளை வெறுக்கிறேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

11 மே

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். தேற்ற எனக்கு மனம் வரவில்லை.

23 மே

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டுமாம். இன்று நான் நீட்டிய மாத்திரையை என் முகத்திலேயே துப்பினான். "நீ துறைமுகத்துல யாருக்கு வேலை பாக்குதன்னு எனக்குத் தெரியும்." யாருக்குப் பார்க்கிறேன் ஜோன்ஸ், உனக்குத்தானே.

10 ஜூன்

அம்மா கொடுத்தால் விழுங்குகிறான். அம்மா கொடுத்தால் மட்டும்.

காலையில் மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைக்கிறேன். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. என்னைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வான் என்று குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

"விழுங்கிட்டியால?"

"ம்."

அதைக் கேட்டபிறகு, பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறேன்.