வண்டூர்ப் பவளத்தின் நிறம்

மே 4, 2010, செவ்வாய்

அந்தப் பவளத்தின் நிறம் என்ன? கடலுயிரியல் படித்தவள், நேரில் இரண்டு தடவை பார்த்தவள். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தீவில், வண்டூர் படகுத்துறைக்குத் தெற்கே, இடுப்பளவுத் தண்ணீரில், மான்கொம்புப் பவளத் திட்டு ஒன்று வெளுத்துக்கொண்டிருக்கிறது. வெளுக்கிறது என்று நினைக்கிறேன். ஏப்ரல் முழுக்கக் கடல் சூடாகவே கிடந்தது; அந்தச் சூட்டில் பவளம் நிறமிழந்து சாகத் தொடங்கும். கண்ணுக்குச் சோறு வடித்த கஞ்சி நிறம். கேமரா திரையில் இளம்பழுப்பு, ஆரோக்கியமாக இருப்பதுபோல. கணினியில் திறந்தால் மூன்றாவதாக ஒரு பச்சை.

துறைத்தலைவர் இராமகிருஷ்ணன் சாரின் அறிக்கை இந்த மாதத்துக்குள் போக வேண்டும். வெளுத்திருக்கிறது என்று அதில் இருந்தால் அந்தத் திட்டின்மேல் அடியில் கண்ணாடி பதித்த சுற்றுலாப் படகுகளையும் குளிப்பவர்களையும் நிறுத்திவிடலாம். தொந்தரவு இல்லாவிட்டால் அது பிழைக்கக்கூடும்.

படம்தான் சாட்சி. படமோ இப்படி.

மே 6, வியாழன்

நாளை மறுபடி வண்டூர். அலுவலகக் கேமராவைத் தொழில்நுட்ப உதவியாளர் திருநாவுக்கரசிடமிருந்து வாங்கி வந்தேன். செட்டிங்கை எப்படி வைக்கலாம் என்று கேட்டதற்கு, “ரா ஃபார்மட்லதான எடுக்கிறீங்க மேடம்? அப்ப எப்படி இருந்தா என்ன? அதெல்லாம் ஜேபெக்குக்குத்தான்” என்றார்.

புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ரா என்பது கேமராவில் விழுந்த வெளிச்சத்தை அப்படியே வைத்திருப்பது. நிறத்தைப் பிறகு நாம் தீர்மானிக்கலாம். ஜேபெக் என்றால் கேமராவே தீர்மானித்து, பூசி, மூடிக் கொடுத்துவிடும்.

நம்பினேன்.

மே 8, சனி

நேற்று எடுத்த அத்தனையும் இருட்டு.

மகளின் பிறந்தநாளுக்குக் கேமராவை எடுத்துப்போன திருநாவுக்கரசு, நிறத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’டில் வைத்தவர் மாற்றவே இல்லை. ராவில் எடுத்தாலும் முதுகுத் திரையில் தெரிவது ஜேபெக்கின் பூச்சுதான். அந்தப் பூச்சில் பவளத்தின் வெள்ளையெல்லாம் வெளிச்சத்தில் எரிந்துபோனதாகத் திரை சிமிட்டிக்கொண்டே இருந்தது. நானும் வெளிச்சத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். ராவில் எதுவும் எரிந்திருக்கவில்லை. இப்போது கணினியில் ஏற்றினால் நிழலெல்லாம் மணல் இறைத்ததுபோல் புள்ளி.

செட்டிங் ராவைத் தொடாது, சரி. என் விரலைத் தொட்டதே!

மெனுவைத் திறந்து பார்க்க எனக்கு என்ன கேடு?

மே 12, புதன்

படமுறையை ‘நியூட்ரல்’ ஆக்கி, மாறுபாட்டையும் செறிவையும் இறக்கி, நிறத்தைச் சரிக்கட்டும் வெள்ளைச் சமனைத் தானியங்கியிலிருந்து எடுத்து ஒரே இடத்தில் நிறுத்தினேன். ராவும் ஜேபெக்கும் சேர்ந்தே பதிகிற மாதிரி வைத்தேன். திரையில் படம் சோகை பிடித்ததுபோல் இருக்கிறது. ஆனால் சிமிட்டவில்லை.

இந்த முறையும் படகோட்டி பழனியாண்டியின் கண்ணாடிப் படகில்தான் போனேன்.

“மறுபடியுமா மேடம்? கல்யாணப் பொண்ணக்கூட இத்தன வாட்டி எடுக்க மாட்டாங்க.”

கேமராவின் நீர்புகா உறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கரைக்குத் திரும்பும்போது குரல் மாறியது.

“போட்ட பந்த் பண்ணச் சொல்லிராதீங்க மேடம். மெயின்லேண்ட் கூட்டம் வர்றது இந்த லீவுக்குத்தான். சுனாமியில பழைய போட்டு போச்சு, கடன்பட்டு வாங்குன போட்டு இது.”

“நான் படம் எடுக்கத்தான் வந்தேன்” என்றேன். பாதிப் பொய்.

மே 14, வெள்ளி

கூட்டம்.

“ராவா? அப்ப நிறத்த நீங்களே கம்ப்யூட்டர்ல வச்சுக்கலாம்ல?” என்றார் சார். “நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்ன சொல்றது? கேமரா குடுத்தத அப்படியே குடுங்கம்மா. ஜேபெக்.”

“ஜேபெக்கும் திருத்தினதுதான் சார். தொழிற்சாலையிலயே திருத்தி அனுப்பிட்டாங்க.”

சிரித்தார்.

என் ஜேபெக்குகளைத் திரையில் போட்டார்கள். யாரோ பின்னாலிருந்து, “மங்கையர்க்கரசி மேடம் பாத்திரம் கழுவுன தண்ணியில எடுத்தாங்களா?” என்றார்கள். அடுத்து, கேமரா என் கைக்கு வருமுன் திருநாவுக்கரசு அதே திட்டில், அதே கேமராவில், விவிட்டில் எடுத்த ஜேபெக். நீலமான நீலம், பவளத்தில் தேன் நிறம். “இதுல்ல கடல்!”

அறிக்கைக்கு அந்தப் படம். அதன் கீழே ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’. பெரிதாக அச்சடித்து வண்டூர் டிக்கெட் கவுன்ட்டரிலும் மாட்டப்போகிறார்களாம்.

பரங்கிப்பேட்டையில் படிக்கும்போது ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தோம். வந்தது வந்ததுதான் என்று இருந்தது. அதுவும் ஃபிலிம் கம்பெனியின் நிறம்தானோ? அன்றைக்கு ஏன் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை?

மே 17, திங்கள்

அறிக்கையில் என் கையெழுத்தும் வேண்டுமாம். போடவில்லை.

மே 19, புதன்

சார் இன்றைக்கும் கேட்டார். “ஒரு படத்துக்காக எவ்வளவு பிடிவாதம்மா?”

எனக்கு வந்ததே கோபம். “நீங்க ஒரு தடவையாவது அங்க எறங்கிப் பாத்திருக்கீங்களா சார்?” என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் யாரிடமும் இப்படிப் பேசினதில்லை. என்ன வாய் இது! அறைக்கு வெளியே டைப்பிஸ்ட் ஜெயமணி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

சார் பேனாவை மூடினார். “எனக்கு நீச்சல் தெரியாதும்மா.”

“நிக்கிற தண்ணிதான் சார்.”

“நாளைக்குப் பாப்போம்.”

வரமாட்டார்.

மே 20, வியாழன்

வந்தார். முழங்கால் வரை சுருட்டிய பேன்ட், ஆரஞ்சு மிதவைச் சட்டை, பழனியாண்டி இரவல் கொடுத்த நீச்சல் கண்ணாடி. பழனியாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவர் மூச்சு முட்டித்தான் எழுந்தார். மறுபடி குனிந்தார். நான் கேமராவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

மீசையிலிருந்து தண்ணீர் சொட்ட, “வெள்ளைதான்” என்றார். “எத்தன நாளா இப்படி?”

“ஏப்ரல் கடைசியிலேர்ந்து சார்.”

என்னைப் பார்க்கவில்லை. படகில் ஏறி உட்கார்ந்த பிறகு, “நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் போட் வேணாம்ப்பா” என்றார்.

பழனியாண்டி அவரை விட்டு என்னிடம்தான் திரும்பினார்.

“கவுன்ட்டர்ல மாட்டிருக்க ஃபோட்டோவுல நல்லாத்தான மேடம் இருக்கு? அதுவும் உங்க கேமராதான?”

“அதே கேமராதான்” என்றேன்.

அவர் கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பினார்.