ஈவியின் கையில் ஏறிய தூண்டில் முள்

குவோபியோ
ஜூன் 24

மதிப்புக்குரிய யோவ்னி அவர்களுக்கு,

நலம்தானே? உங்கள் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதென்று தெரியவில்லை. அதனால் கம்பெனியின் மின்னஞ்சல் முகவரிக்கே இதை அனுப்புகிறேன். நான் என்சியோ, ஈவியின் அம்மா விர்ப்பியோடு இப்போது வாழ்பவன். அவள் வீட்டு வாசலில் ஒரே ஒரு முறை சந்தித்திருக்கிறோம். கை கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றோம், நினைவிருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஈவி நன்றாக இருக்கிறாள். ஆனாலும் நடந்ததை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே எழுதுவது முறை என்று பட்டது.

இந்தக் கோடையில் மீன் பிடிக்கச் சொல்லித் தருவதாக அவளிடம் சொல்லியிருந்தீர்கள். பிறகு உங்கள் பயணம் அக்டோபர் வரை நீண்டுவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அக்டோபர் என்றால் என்ன தெரியும்? நான் பஸ் ஓட்டக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று, "அக்டோபர் வந்துருச்சா?" என்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நாம போலாமா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு மீனைத் தட்டில் பார்த்துத்தான் பழக்கம். விர்ப்பி சிரித்தாள். "நீ பஸ்ஸை ஓட்டு, அது போதும். புழுவைப் பார்த்தா கத்துற ஆளு நீ" என்றாள்.

கடையில் இருந்த பெண்ணிடம் குழந்தைக்கு ஒரு தூண்டில் வேண்டும் என்றேன். "குழந்தைக்கு இருக்கட்டும், உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றதும் குட்டையான கம்பு, சிவப்புத் தக்கை, சின்ன முள் எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடச் சொன்னாள். அப்போதுதான் குத்தினாலும் சுலபமாக வெளியே வருமாம். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஏரிக்குப் போனோம். லைஃப் ஜாக்கெட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். ஏரிக்குள் நீளும் மரப்பாலத்தின் நுனிக்கு அவளை விடவில்லை. என் பயமெல்லாம் தண்ணீரின் மேல்தான் இருந்தது. அவள் புழுவுக்குப் பெயர் வைத்தாள், தக்கையின் மேல் கல் எறிந்தாள், "மீன் தூங்குதா?" என்று சத்தமாகக் கேட்டாள். திரும்பிவிடலாம் என்று நான் எழுந்தபோது தக்கை அமிழ்ந்தது. ஈவி கம்பைத் தலைக்கு மேலே வீசி இழுத்தாள். மீன் பறந்து வந்து என் கன்னத்தில் அறைந்தது. விரல் நீளம்தான், உடம்பில் கோடு போட்ட சின்ன மீன். அவள் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த நொடியில் அவள் மீனைக் கையில் பிடித்துவிட்டாள். அது துள்ளியது. முள் அதன் வாயிலிருந்து கழன்று, அவளுடைய கட்டைவிரலின் அடியில் ஏறிவிட்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். உங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நான்தான் இருந்தேன். தூண்டில் நூலை அறுத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். அன்றைக்கு வண்டியில் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் நர்ஸ், "நீங்க அப்பாவா?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த ஈவிதான் பதில் சொன்னாள்: "எங்கப்பா கப்பல்ல இருக்காரு. இது என்சியோ. இவருக்கு மீன் பிடிக்கவே தெரியாது, பாவம்." நர்ஸ் சிரித்துவிட்டார். மரத்துப்போக ஊசி போட்டு முள்ளை எடுத்தார்கள். ஒரு சின்னக் கட்டு, அவ்வளவுதான்.

விர்ப்பி திட்டவில்லை. "அவ அப்பா கூட இருந்திருந்தா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதன் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால் ஈவிக்குப் பயமே இல்லை. கட்டோடு வந்து, "இன்னிக்குப் போலாமா?" என்கிறாள். மழை வரும் என்றேன். ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "என்சியோ, பொய் சொல்லாதே" என்றாள். நேற்று வேறொன்று கேட்டாள்: "கப்பல் முங்கிப் போகுமா?" போகாது என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்? நீ பஸ்தானே ஓட்டுற?" என்றாள். ஈஸ்டருக்குப் பிறகு உங்களிடமிருந்து போன் இல்லை. கடலில் சிக்னல் கிடைப்பதில்லை என்று அவளிடம் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அது உண்மையாகவே இருக்கட்டும்.

வரும் சனிக்கிழமை மறுபடியும் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். முள்ளின் அந்தக் கூர்முனையை நேற்றே நசுக்கிவிட்டேன். போகக் கூடாது என்று நீங்கள் சொன்னால் போகமாட்டோம். ஒரு போன் போட்டு அதை அவளிடம் நீங்களே சொல்லுங்கள். போகலாம் என்றாலும் அதையும் நீங்களே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் சரி, உங்கள் குரல் அவளுக்குக் கேட்க வேண்டும்.

கடல் அமைதியாக இருக்கட்டும், நல்லபடியாக வந்து சேருங்கள். வந்ததும் முதல் நாள் நீங்களும் அவளும் மட்டும் ஏரிக்குப் போங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். திரும்பி வந்து மீன் கழுவ ஆள் வேண்டுமென்றால் மட்டும் என்னையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
என்சியோ