இரண்டு விரலுக்கு இளகிய லீவர்

19 ஒக்டோபர் 1996, சனி

சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.

என் கணவர் வாங்கிய பழைய வேட்டைத் துப்பாக்கியின் லீவர் இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அதைக் கீழே இழுத்து மேலே தள்ள வேண்டும். இவருக்கோ வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. மான் வேட்டைக்குக் கூட்டிப்போக இருந்த அருள் அண்ணையும், “உது சரிவராது தம்பி, வித்துப்போடும்” என்றுவிட்டார்.

இங்கே கனடாவில், மார்க்கம் நகரத்துப் பட்டறையொன்றில் இரும்பு அச்சுகளை மினுக்குவதுதான் என் வேலை. ஆனாலும் வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவள் நான். துப்பாக்கியைத் தொடக் கை கூசியது. தொட்டேன். பேஸ்மென்டில் அதைக் கழற்றி, உரசும் இடங்களில் இருந்த பிசிறுகளை நைசான கல்லால் நான்கு மாலைகள் தேய்த்தேன்.

“கூடத் தேய்ச்சால் பழுதாப்போகுமப்பா” என்று இவர் படியில் நின்று தவித்தார். எனக்கும் அந்தப் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

இன்று சுடுதிடலில் இரண்டு விரலால் இழுத்தார். லீவர் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. ஐந்து வெடி, ஐந்தும் குறி அட்டையில்.

அருள் அண்ணை வாங்கி இழுத்துப் பார்த்தார். “ஆரட்டைக் குடுத்துச் செய்விச்சனீர்?”

“என்ரை மனுசியட்டை.”

அண்ணை உடனே தன் துப்பாக்கியைத் தூக்கிக்காட்டினார். “தங்கச்சி, இதையும் ஒருக்காப் பாரும்.”

“கழட்டிப் பாத்துத்தான் சொல்லுவன், அண்ணை” என்றேன், பெரிய மெக்கானிக் மாதிரி.

வரும் வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் இவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.