புளியும் படிகாரமும்

மார்ச் 5, செவ்வாய்

தவக்காலத்துக்குப் பீடியை விட்டு இன்றோடு இருபத்தொரு நாள். ஆண்டவருக்காக விட்டேன் என்று கோயிலில் சொல்கிறேன். மனைவி கிரேசியின் வாய்க்குப் பயந்து விட்டேன் என்பது ஆண்டவருக்கும் தெரியும். வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உப்புப் போட்டு உருட்டிய புளியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஷிஃப்ட் பார்க்கிறேன்.

மகள் அனுஜா நேற்று எங்கள் பேப்பர் மில் லேபில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பி.எஸ்சி. வேதியியல். நான் பத்தாம் வகுப்பு. இரண்டு தடவை படித்தேன் என்பதால் கொஞ்சம் அழுத்தமான பத்தாம் வகுப்பு.

மார்ச் 6

அனுஜாவுக்கு என் ராஜ்யத்தைச் சுற்றிக் காட்டினேன். கப்பலில் வரும் பழைய அட்டையைத் தொட்டியில் அடித்துக் கூழாக்குகிறோம். தாள் தண்ணீர் குடிக்காமல் இருக்க ரோசின் பிசின், அந்தப் பிசின் நாரில் ஒட்டப் படிகாரம். படிகாரம் போதுமா என்று பார்க்க எல்லா மில்லிலும் புளிப்பை அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறார்கள். நான் கூழ்த்தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைப்பேன், புளிப்புச் சொல்லிவிடும். பத்தொன்பது வருடமாக ரிஜிஸ்டரில் எண் எழுதவேண்டிய கட்டத்தில் 'சரி' என்றே எழுதிவருகிறேன்.

பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தது. பெருமைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 8

மதியம் தொட்டியில் ஒரே நுரை. படிகாரம் குறையோ? நக்கிப் பார்த்தேன் – நல்ல புளிப்பு. நுரை அடக்கும் எண்ணெயை ஊற்றி அமுக்கிவிட்டேன்.

மார்ச் 16

மானம் போச்சு. எங்கள் தாளில் செய்த மீன் பெட்டிகள் ஐஸ் தண்ணீர் பட்டதும் தோசை மாவாகிவிட்டனவாம். தருவைகுளத்தில் ஏற்றிய சீலா மீன் பெட்டியை விட்டு இறங்கி லாரிக்குள் உலாத்தியிருக்கிறது. எல்லாம் எட்டாம் தேதித் தாள். என் ஷிஃப்ட்.

காரணம் கண்டு எழுதும் வேலையை மேனேஜர் ராஜபாண்டி சார் அனுஜாவிடம் கொடுத்திருக்கிறார். ஒழுங்காக எழுதினால் லேபில் வேலை நிரந்தரமாம்.

மார்ச் 18

தாள் மை ஒற்றும் தாள் மாதிரித் தண்ணீர் குடிக்கிறது என்றாள் அனுஜா. ரோசினில் குறையில்லை. வந்த படிகாரத்தின் தரத்திலும் குறையில்லை. ரிஜிஸ்டரைத் திறந்தாள். 'சரி'.

"எட்டாம் தேதி வாயில என்னப்பா கெடந்துச்சு?"

"நாக்குதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. புளி கிடந்த வாய்க்கு எதுதான் புளிக்காது? பீடி குடித்துத் தொலைத்திருந்தால் இந்தத் தாள் பிழைத்திருக்குமே!

மார்ச் 19

படிகாரம் மட்டமாக வந்ததென்று எழுதிவிட்டால் நம் ஆள் யாருக்கும் சேதமில்லை என்று மேனேஜர் என் காதில் போட்டார். கிரேசியும் அதையே சொல்கிறாள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது, ஒரு டீ குடித்து முடிக்கும் வரை. படிகாரம் தருவது முத்தையாபுரத்துப் பிச்சம்மாள் அக்கா. அதற்கு இருக்கிற ஒரே பெரிய வாடிக்கை நாங்கள்.

உண்மையைச் சொன்னால் ஷிஃப்ட் என் கையை விட்டுப் போகும். அது போனால் நான் யார்? பேச்சு மட்டும் மிச்சமுள்ள ஆள்.

மார்ச் 21

நாளைக்கு அறிக்கை கொடுக்கவேண்டும். அனுஜா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"பிச்சம்மாள் அத்தை மேலேயே எழுதட்டுமாப்பா? நீங்க சொல்லுங்க, எழுதுதேன்."

எழுதியிருப்பாள். அதுதான் பயமாக இருந்தது. முதல் கையெழுத்தே பொய்யில் போடுவாள், இந்த அப்பனுக்காக.

"புளி கெடந்துச்சு, ஏளா. உள்ளதை எழுது" என்றேன்.

கிரேசி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை.

மார்ச் 22

அனுஜாவின் அறிக்கை மூன்று பக்கம் இங்கிலீஷ். புளி வந்த இடத்தில் மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அனுஜாவின் வேலையை நிரந்தரமாக்கிவிட்டு, ஷிஃப்டை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 4

யார்டில் பழைய அட்டைக் கட்டிலிருந்து பிளாஸ்டிக் பொறுக்கும் ஆட்களை மேய்க்கிறேன். வெயில் நன்றாக விழுகிறது.

பதினொரு மணிக்கு, என் ஷிஃப்டை இப்போது பார்க்கும் சொரிமுத்து போன் செய்தான். தொட்டியில் நுரை பொங்குதாம். கால் தொட்டிப் பக்கம் நாலு எட்டு போய்விட்டது. நிறுத்தினேன்.

"மீட்டர் என்னலே காட்டுது?"

"ஆறு புள்ளி நாலு, அண்ணாச்சி."

"அஞ்சரைக்கு மேல போனா படிகாரம் பத்தலைன்னு அர்த்தம். எண்ணெயை ஊத்தி அமுக்காத. படிகாரத்தைக் கூட்டு."

பத்து நிமிடத்தில் நுரை அடங்கிவிட்டதாகத் திரும்பவும் கூப்பிட்டான். எங்கிட்ட கேட்கச் சொன்னது யாரு என்றேன்.

"லேப் மேடம்தான்."