காலி நாற்காலியில் காவலாளி

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் பிரஷர் குறைந்ததா? ஊருக்கு வரும் வெல்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இருபது வருஷம் எனக்கு வேதம் வாசிக்கக்கூட இடம் தராத நம் சபையாரிடம் சொல்: இந்த அந்நிய நாட்டுத் தொழிலாளர் விடுதியில் ஐந்து பேர் ஜெபக்குழுவை நேற்று நான்தான் நடத்தினேன். புது ஆள் வரவேண்டுமென்று ஜெபித்து, ஒரு நாற்காலியைக் காலியாக வைப்போம். நேற்று அதில் விடுதிக் காவலாளி வந்து உட்கார்ந்தார். இங்கே ஜெபக்கூட்டத்துக்குத் தடை; அறையில் கூடினால் மேலிடத்தில் சொல்வது அவர் வேலை. சொன்னால் எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணே, நிறுத்திடலாமா?" என்றார் பெயின்டர். ஆனாலும் வாசித்து முடித்தேன்.

"அடுத்த வாரம் எங்க சார் கூடுவீங்க?" என்றார் காவலாளி.

விசுவாசியா வேவுகாரரா, தெரியவில்லை. நான் என் அறை எண்ணைச் சொன்னேன்.

இனி தபாலில் 'ஸ்தோத்திரம்' எழுதாதே, பிரித்துப் பார்ப்பார்கள். பிள்ளைகளின் புது போட்டோ அனுப்பு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மறுபடி கூடுகிறோம்; அப்போது எனக்காக ஜெபி. வெல்டர் கிளம்புகிறார்.

உன் கணவன்